உயிர் தாங்கும் கொம்பு: மரமேறும் தொழிலும் நம் இளையோரும்

(அஜக்ஸ் நகரில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில், மரப் பராமரிப்புத் தொழிலில் ஈடுபட்டுள்ள தமிழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மதிப்பிற்குரிய பெற்றோர்களே, அன்பார்ந்த இளையோரே! மொழி, கல்வி, உரிமை, தாயகம் என்பனவே இத்தகைய ஒன்றுகூடல்களில் வழமையாகப் பேசப்படும் பொருள்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்றும் சற்று வேறானது. மரமேறும் தொழிலாளி ஒருவர் தமது பாதுகாப்புக் கயிற்றை மரத்தின் எந்த இடத்தில் இடவேண்டும் என்பதே அப்பொருள். இது மிகச் சிறிய விடயமாக உங்களுக்குத் தோன்றக்கூடும். ஆயினும் அந்த ஓர் இடத்தைத் தெரிவதிலேயே ஒரு பிள்ளை மாலையில் வீடு திரும்புவதும் திரும்பாமற் போவதும் தங்கியுள்ளது.

இங்கே அமர்ந்திருப்போரில் இரு சாரார் உள்ளீர்கள். ஒரு சாரார், கோடை விடுமுறையில் மரம் வெட்டும் குழுக்களோடு வேலைக்குச் செல்லும் அல்லது செல்ல விரும்பும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் ஆவர். மறு சாரார், வீட்டு வளவில் நிற்கும் பெருமரத்தை வெட்டுவிப்பதற்கு மலிவான ஆளைத் தேடுவோர். இரு சாராரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றே. மரமேறுதல் துணிச்சலால் செய்யப்படும் வேலையன்று. கற்றுச் செய்யப்படும் வேலை. அக்கல்வியின் முதற்பாடம், எந்தக் கொம்பை நம்பலாம் என்பதை அறிதல்.

நம் நகரும் அதன் மரங்களும்

அஜக்ஸ் நகரம் ஒன்ராறியோ ஏரியின் கரையில் அமைந்தது. டபின்ஸ் ஓடையின் கரையோரங்களில் வில்லோ, பொப்லர், மேப்பிள் மரங்கள் செறிந்து நிற்கின்றன. பிக்கறிங் விலேஜ் போன்ற பழைய குடியிருப்புகளில் நூறாண்டு கண்ட மரங்களும் உள்ளன. இம்மரங்களில் பல கடந்த இருபது ஆண்டுகளுக்குள் மூன்று பெரும் இடர்களைக் கண்டவை.

முதலாவது, ஆஷ் மரங்களைத் துளைக்கும் மரகதநிற வண்டு. கிழக்காசியாவிலிருந்து வந்த இவ்வண்டு 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெற்றோயிற் பகுதியிலும் ஒன்ராறியோவின் வின்சர் பகுதியிலும் கண்டறியப்பட்டது. 2007இல் ரொறன்ரோவில் காணப்பட்டது. இதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று செல்வதால், நீரும் உணவும் செல்லும் பாதைகள் அறுபட்டு மரம் சில ஆண்டுகளில் மடிகின்றது. தென் ஒன்ராறியோவின் புறநகர்த் தெருக்களில் விரும்பி நடப்பட்ட மரம் ஆஷ் என்பதனால் இழப்பும் பெரிதாயிற்று.

இரண்டாவது, 2013ஆம் ஆண்டு டிசெம்பர் 21, 22ஆம் நாள்களில் வீசிய பனிக்கட்டிப் புயல். கிளைகளின்மேல் கனத்த பனிக்கட்டி உறைந்து, அவை முறிந்து மின்கம்பிகளின்மேல் வீழ்ந்தன. ரொறன்ரோவில் மாத்திரம் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. இருளிலும் குளிரிலும் அவ்வாண்டு நத்தாரைக் கழித்த குடும்பங்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். மூன்றாவது, 2022ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் தென் ஒன்ராறியோவைக் குறுக்காகக் கடந்த கடும் காற்றுப்புயல். நம் டுறம் பிராந்தியத்திற்குள்ளேயே அமைந்த அக்ஸ்பிறிட்ஜ் நகரம் அதனாற் பெரிதும் சிதைந்தது.

புயலில் வீழ்ந்த மரத்தை எல்லோரும் கண்டோம். வீழாமல் வெடிப்போடு நின்றுவிட்ட மரத்தைப் பெரும்பாலானோர் காணவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் பனியின் சுமையால் கவையில் ஏற்பட்ட வெடிப்பு, வெளியே பட்டை மூடி ஆறிவிட்டது போலத் தோன்றலாம். உள்ளே அது உக்கிக்கொண்டிருக்கும். அத்தகைய கவையில் இன்று ஒருவர் கயிற்றை எறிந்து ஏறுவாராயின், அவர் நம்பியிருப்பது மரத்தையன்று, மரத்தின் தோலை.

இவ்வறிவு நமக்குப் புதிதன்று

மரத்தின் வலிமையை அறிந்து ஏறுதல் நமக்கு அந்நியமான அறிவு என எண்ண வேண்டா. பிடித்தால் புளியங்கொம்பைப் பிடிக்க வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது வெறும் உவமையாக அல்ல. புளியின் கொம்பு வளையும், எளிதில் முறியாது. முருங்கையில் ஏறிய சிறுவரை எந்த ஊரிலும் பெரியோர் அதட்டி இறக்கியதன் காரணமும் இதுவே. முருங்கைக் கொம்பு பார்வைக்குத் தடித்திருக்கும்; பாரம் ஏறியவுடன் சடக்கென முறியும். இனம் அறிந்து கொம்பைத் தெரிய வேண்டும் என்ற பாடத்தை நம் வீட்டு முற்றங்களிலேயே நாம் கற்றோம். நுனிக் கொம்பில் ஏறியவர் அதனையும் கடக்க முயன்றால் உயிருக்கு முடிவாகும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்ததும் நீங்கள் அறிந்ததே. அங்கே அது அரசனுக்குச் சொன்ன அறிவுரை. இங்கே அது மரமேறிக்கு நேரடியாகவே பொருந்தும்.

யாழ்ப்பாணத்தின் பனையேறும் தொழிலாளர் காலில் தளைநாரை மாட்டி, கிளையே இல்லாத நெடுமரத்தில் நாள்தோறும் ஏறி இறங்கினர். இலங்கையின் மேற்குக் கரையில், களுத்துறை, வாதுவைப் பகுதிகளில், கள் இறக்குவோர் ஒரு தென்னையிலிருந்து மறு தென்னைக்கு உயரத்திற் கட்டப்பட்ட தும்புக் கயிறுகளின்மேல் நடந்து செல்கின்றனர். ஒரு கயிறு கால் வைப்பதற்கு, மற்றொன்று கை பிடிப்பதற்கு. அக்கயிறு உக்கியதா, அதன் கட்டு இறுகியுள்ளதா என்பதை அறியாமல் அடியெடுத்து வைப்பவர் அங்கே நெடுநாள் பிழைத்திருக்க முடியாது.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். மரமேறுவோரை நம் சமூகம் மதிக்கவில்லை. சாதியின் பெயரால் அவர்களை ஒதுக்கியது. அவர்களின் அறிவை அறிவென்று ஏற்கவில்லை. கடல் கடந்து வந்த பின்னரும் அந்த எண்ணத்தின் நிழல் நம்மைவிட்டு அகலவில்லை. "படிக்காவிட்டால் மரமேறத்தான் போவாய்" என்று பிள்ளையை அதட்டும் குரல் இன்றும் கேட்கின்றது. இந்நாட்டில் மரப் பராமரிப்பு என்பது தாவரவியலும் பொறியியலும் கலந்த ஒரு கைத்தொழில்; பயிலுநராகச் சேர்ந்து முறைப்படி கற்கப்படுவது. அதனை இழிவென்று கருதும் பெற்றோர் தம் பிள்ளை அதனைக் கற்பதைத் தடுக்கின்றனர். ஆனால் கோடையில் இரண்டு மாதம் கைச்செலவுக்காகக் கல்லாமலே மரத்தில் ஏறுவதைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகின்றனர். இதனைவிடப் பெரிய முரண்பாடு வேறில்லை.

தாங்குபுள்ளி என்பது யாது?

இத்தொழிலில் உள்ளோர் 'அங்கர் பொயின்ற்' என்றும் 'ரை-இன் பொயின்ற்' என்றும் வழங்குவதை நான் தாங்குபுள்ளி என்று சொல்கின்றேன். ஏறுபவரின் கயிறு மரத்தில் எந்த இடத்திற் பாரத்தை இறக்குகின்றதோ அந்த இடமே தாங்குபுள்ளி.

ஒருவர் விழுந்தால், கயிறு அறுந்துவிட்டது என்று சொல்வது நம் வழக்கம். ஆயின் நல்ல நிலையிலுள்ள மரமேறும் கயிறு மனிதரின் பாரத்தால் அறுவதில்லை. அமெரிக்க மரத்தொழிற் பாதுகாப்பு நியமம், ஏறும் கயிறு புதிதாக இருக்கையில் குறைந்தது 5,400 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 2,400 கிலோகிராம் பாரத்தைத் தாங்க வேண்டும் என்கின்றது. முடிச்சும் தேய்வும் அவ்வலிமையைக் குறைக்கும் என்பதற்காகவே இவ்வளவு உயர்ந்த அளவு கேட்கப்படுகின்றது. கயிறு, கொளுவி, இடுப்பு – தொடைப் பட்டி யாவும் தொழிற்சாலையில் சோதிக்கப்பட்டு இலக்கம் பொறிக்கப்பட்டு வருகின்றன. முழு அமைப்பிலும் எவராலும் சோதித்து முத்திரையிடப்படாத ஒரேயொரு பாகம் மரம். அதனைச் சோதிக்கும் பொறுப்பு ஏறுபவருடையது.

நிலத்தில் நின்று பார்த்தல்

தாங்குபுள்ளியைத் தெரியும் வேலை மேலே தொடங்குவதில்லை, வேரடியில் தொடங்குகின்றது. மரத்தை முழுமையாக ஒருமுறை சுற்றிவர வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து உறுதியாகத் தோன்றும் அடிமரத்தின் மறுபக்கத்தில் பெரும் பொந்து இருக்கக்கூடும்.

வேரடியில் மண் வெடித்து உயர்ந்துள்ளதா? அண்மையில் வாகனப் பாதைக்காகவோ நீர்க்குழாய்க்காகவோ வேர்கள் வெட்டப்பட்டனவா? அடிமரத்தில் தட்டுத் தட்டான காளான்கள் முளைத்துள்ளனவா? காளான் வெளியே தோன்றுமுன்பே உள்ளே உக்கல் வெகுதூரம் சென்றிருக்கும். வேரே பிடிப்பற்ற மரத்தில், எத்தனை உறுதியான கொம்பைத் தெரிந்தாலும் பயனில்லை. கொம்போடு சேர்ந்து முழு மரமும் சாயும்.

பின்னர் பார்வையை மெல்ல மேலே செலுத்த வேண்டும். நீள வெடிப்பு, பட்டை கழன்ற இடம், தொங்கும் முறிந்த கிளை ஆகியவற்றைத் தேட வேண்டும். தொலைநோக்குக் கண்ணாடி ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல் நன்று. ஆஷ் மரமாயின் உச்சி இலையிழந்துள்ளதா, அடிமரத்திலிருந்து புதுத் தளிர்கள் கொத்தாக வெளிவருகின்றனவா, மரங்கொத்தி பட்டையை உரித்துள்ளதா, பட்டையில் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவிற் சிறு துளைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வண்டால் மடிந்த ஆஷ் மிக விரைவில் நீர் வற்றி நொறுங்கும் தன்மையை அடைகின்றது. முன்னறிவிப்பு எதுவுமின்றி உடைகின்றது. மடிந்த ஆஷ் மரத்தில் கயிறு கட்டி ஏறலாகாது. தூக்கி வண்டியையோ பாரந்தூக்கியையோ கொண்டுதான் அதனை அகற்ற வேண்டும். அவை உள்ளே வர இடமில்லை என்பது ஏறுவதற்கு நியாயமாகாது.

நம் நாட்டவர்க்கு இங்கே மேலும் ஒரு சிக்கல் உண்டு. இலையுதிர்ந்த பனிக்காலத்தில் உயிருள்ள கிளையும் மடிந்த கிளையும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே மொட்டுகள் உள்ளனவா, நுனிச் சுள்ளிகள் உதிராமல் உள்ளனவா, பட்டை இறுக ஒட்டியுள்ளதா என்பவற்றைக்கொண்டே உயிரை அறிய வேண்டும். கடுங்குளிரில் உறைந்த மரம் வளைந்து கொடுப்பதும் குறைவு.

மின்கம்பி இருக்குமாயின் எல்லாவற்றிற்கும் முன்னர் அதனைப் பார்க்க வேண்டும். 750 வோற்று முதல் 150,000 வோற்று வரையான கம்பிகளிலிருந்து 3 மீற்றரும், 250,000 வோற்று வரையானவற்றிலிருந்து 4.5 மீற்றரும், அதற்கு மேற்பட்டவற்றிலிருந்து 6 மீற்றரும் ஒன்ராறியோ விதிகள் குறிப்பிடும் குறைந்தபட்சத் தூரங்கள். ஏறுபவர் மாத்திரமன்றி அவரின் கயிறும் வாளும் வெட்டப்படும் கிளையும் இந்த எல்லைக்குள் செல்லலாகாது. அதற்குள் வேலை செய்யும் பயிற்சி தனியானது. அது பெற்றோர்க்கே உரியது.

கொம்பைத் தெரிதல்

மரம் ஏறத்தக்கது என்று முடிவு செய்த பின்னரே கொம்பைத் தேட வேண்டும். அதற்கு ஐந்து நிபந்தனைகளைச் சொல்கின்றேன். இளையோர் இவற்றை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

முதலாவது, உயிர். மடிந்த கொம்பு எவ்வளவு தடித்திருந்தாலும் தாங்குபுள்ளியாகாது.

இரண்டாவது, தடிப்பு. வலிய இனத்தின் உயிருள்ள கொம்பாயின், குறைந்தது 10 சென்ரிமீற்றர் விட்டம் வேண்டும் என்பது தொழிலில் உள்ளோர் பலரின் நடைமுறை அளவு. இதன் காரணத்தை உயர்தரப் பாடசாலை மாணவர் எளிதில் விளங்கிக்கொள்வர். வளைவை எதிர்க்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடுகின்றது. 5 சென்ரிமீற்றர் கொம்பைவிட 10 சென்ரிமீற்றர் கொம்பு இருமடங்கு வலியதன்று. எட்டு மடங்கு வலியது. தடிப்பிற் சிறிது குறைந்தாலும் வலிமையிற் பெரிதும் இழக்கின்றோம்.

மூன்றாவது, இனம். ஓக், சுகர் மேப்பிள் ஆகியவை நம் ஊர்ப் புளி போன்றவை. சில்வர் மேப்பிள், மனிரோபா மேப்பிள், வில்லோ, பொப்லர் ஆகியவை முருங்கையின் உறவினர் என்று கொள்ளலாம். இவற்றிற்கு 10 சென்ரிமீற்றர் என்ற அளவு போதாது. இன்னும் தடித்த இடத்தைத் தேட வேண்டும். ஸ்ப்ரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்களில் பக்கக் கிளைகள் மெலிந்தவை. அவற்றில் ஒரு கிளையை நம்பாமல், நடுத்தண்டைச் சுற்றியே கயிறு அமைய வேண்டும்.

நான்காவது, கவையின் வடிவம். அடிமரத்திலிருந்து கிளை பிரியும் இடத்தில் சற்றுப் புடைத்த கழுத்துப் போன்ற பகுதியைக் காண்பீர்கள். அங்கே இரு மரநார்களும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்துள்ளன. அகன்று விரிந்த கவை பெரும்பாலும் உறுதியானது. இரண்டு தண்டுகள் சம தடிப்பில் நெருங்கி நெட்டையாக எழுந்து, அவற்றின் நடுவே பட்டை உள்நோக்கிப் புதைந்திருக்குமாயின் அஞ்ச வேண்டும். அவை ஒட்டி நிற்கின்றனவே தவிர ஒன்றாக வளரவில்லை. நோர்வே மேப்பிளிலும் சில்வர் மேப்பிளிலும் இது அடிக்கடி காணப்படும்.

ஐந்தாவது, இடம். கயிறு கவையின் கழுத்தோடு ஒட்டி அமைய வேண்டும். அடிமரத்திலிருந்து வெளியே செல்லச் செல்ல அதே பாரம் நெம்புகோல் போல் பெருகிக் கிளையைக் கவையில் முறிக்க முயலும். அத்தோடு தாங்குபுள்ளி இயன்றவரை மரத்தின் நடுவிலும் வேலை செய்யும் இடத்திற்கு மேலாகவும் இருத்தல் வேண்டும். பக்கக் கிளை வழியே வெகுதூரம் நடந்து செல்பவர் கால் வழுக்கினால் விழமாட்டார். ஊஞ்சல் போல் வீசப்பட்டு அடிமரத்தில் மோதுவார். அந்த மோதலும் விழுதலுக்கு இணையான காயத்தைத் தரும்.

பாரத்தின் கணக்கு

இப்பொழுது பலர் கவனியாத ஒரு கணக்கைச் சொல்கின்றேன். கருவிகளோடு 90 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஏறுவதாகக் கொள்வோம்.

கயிற்றை மேலே கவையிலேயே முடிந்து அவர் தொங்குவாராயின், கவை சுமப்பது 90 கிலோகிராம். கயிறு கவையைச் சுற்றி இரு முனைகளும் அவரிடமே திரும்பும் பழைய முறையிலும் இரு பக்கமும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் மொத்தம் 90 கிலோகிராமே. ஆனால் கயிற்றைக் கவையின் மேலாகப் போட்டு, அதன் மறுமுனையை அடிமரத்தின் கீழே கட்டினால் கதை மாறுகின்றது. ஒரு பக்கம் ஏறுபவர் கீழிழுக்கின்றார். அவரைத் தாங்குவதற்காக மறுபக்கமும் ஏறத்தாழ அதே விசையோடு கீழிழுக்கின்றது. கவை சுமப்பது ஏறத்தாழ 180 கிலோகிராம். பட்டையின் உராய்வு இதனைச் சற்றுக் குறைக்கும். ஆனால் அதனை நம்பிக் கணக்கிடலாகாது. ஏறுபவர் துள்ளித் துள்ளி ஏறுவாராயின் இந்த விசை மேலும் உயரும்.

அடியிற் கட்டும் முறை தவறானதன்று. ஏறியவர் மயங்கினால் கீழே நிற்பவரே அவரை மெல்ல இறக்குவதற்கு வாய்ப்பளிப்பது அம்முறை. அதற்கேற்ற இறக்கும் கருவியோடு கட்டியிருத்தல் வேண்டும். ஆயினும் இருமடங்கு பாரத்திற்கு ஏற்ற கவையைத் தெரிந்தபின்னரே அதனைக் கைக்கொள்ள வேண்டும். அடியிற் கட்டிய கயிறு வெட்டும் வாளுக்கு எட்டாத பக்கத்தில் இருப்பதும் கட்டாயம். நிலத்தில் கிளைகளைத் துண்டாக்குபவரின் வாள் ஒருமுறை தவறிப் பட்டாலும் மேலே இருப்பவரின் உயிர் அந்தக் கயிற்றில்தான் இருக்கின்றது.

மேலே சென்றபின் கயிற்றை வேறொரு கிளையின் ஊடாகத் திருப்பி எடுப்பதுண்டு. அக்கிளைமீது விழும் விசை, கயிறு எவ்வளவு திரும்புகின்றது என்பதைப் பொறுத்தது. சிறிதளவு விலகினால் விசையும் சிறிது. கயிற்றின் இரு பகுதிகளுக்கும் இடையே 120 பாகைக் கோணம் இருந்தால், அக்கிளையும் கயிற்றின் இழுவிசைக்குச் சமமான விசையைச் சுமக்கும். கயிறு முற்றாக மடங்கித் திரும்பினால் இருமடங்கு. இவ்விசை அக்கிளையை அடிமரத்தை நோக்கி அழுத்துமாறு அமைத்தல் நன்று. பக்கவாட்டில் விலக்கி இழுக்குமாறு அமைத்தல் தீது.

சோதித்த பின்னரே ஏறுதல்

எறிநூலைக் கவண் கொண்டோ கையாலோ எறிந்து கொம்பைப் பிடித்தவுடன், நினைத்த கவையில்தான் விழுந்துள்ளதா என்று உறுதிப்படுத்த வேண்டும். அடுத்துள்ள மெல்லிய சுள்ளியின்மேல் நூல் கிடந்து, நல்ல கவையின்மேல் கிடப்பது போலக் கீழிருந்து தோன்றலாம். வேறு பக்கம் சென்று பார்த்தால் உண்மை புலப்படும். ஐயமிருந்தால் இழுத்தெடுத்து மீண்டும் எறிய வேண்டும். பத்துமுறை எறிவதற்குச் செலவாகும் நேரம் அரைமணி. அந்த அரைமணியை வீணென்று சொல்லும் மேற்பார்வையாளரிடம் வேலை செய்ய வேண்டா.

பின்னர் பாரச் சோதனை. இருவர் நிலத்தில் நின்றபடியே கயிற்றிற் சேர்ந்து தொங்கி, பலமுறை அழுத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். அப்பொழுது மூன்றாமவர் ஒருவர் தள்ளி நின்று கவையையும் வேரடியையும் கவனித்தல் நன்று. கவை அசைகின்றதா, வெடிக்கும் ஒலி கேட்கின்றதா, மண் எழும்புகின்றதா? ஒருவர் ஏறுவதற்கு முன் இருவரின் பாரத்தைத் தாங்காத இடம் தாங்குபுள்ளியாகாது. இச்சோதனை ஏமாற்றமும் செய்யக்கூடும் என்பதனையும் மறத்தலாகாது. நேராகக் கீழிழுக்கையில் தாங்கும் கவை, ஏறுபவர் பக்கவாட்டில் நகர்கையில் முறியலாம். ஆகவே மேலே சென்றதும் முதல் வேலையாகத் தாங்குபுள்ளியை அருகிலிருந்து பார்வையிட்டு, தேவையாயின் நல்ல இடத்திற்கு மாற்ற வேண்டும்.

இயந்திர வாளைக் கையில் எடுக்குமுன் இரண்டாவது பிணைப்பு வேண்டும். பிரதான கயிற்றோடு, இடுப்பிலிருந்து அடிமரத்தைச் சுற்றிக் குறுங்கயிறு ஒன்றும் இட வேண்டும். வாள் ஒரு கயிற்றை அறுத்தாலும் மற்றொன்று உயிரைத் தாங்கும். மேலே ஒருவர் இருக்கையில் கீழே மீட்கத் தெரிந்த இன்னொருவர், மீட்கும் கருவிகளோடு நிற்க வேண்டும். பட்டியில் அசைவின்றித் தொங்குபவரின் இரத்த ஓட்டம் சில நிமிடங்களிலேயே பாதிக்கப்படத் தொடங்கும். தீயணைப்புப் படை வரும்வரை காத்திருக்கலாம் என்பது மீட்புத் திட்டமாகாது.

மரத்திற்கும் ஒரு சொல். வெட்டி அகற்றப்படாத மரத்தில் ஆணிக்காலணியோடு ஏறுதல் அதன் பட்டையைக் குத்திப் புண்ணாக்கும். கவையில் கயிறு நேரே உராயாமல் காப்பு வளையம் இடுதல் மரத்திற்கும் கயிற்றிற்கும் நன்மை.

மறுக்கும் உரிமை

இளையோரே, இதுவரை சொன்னவை அறிவு. இனிச் சொல்வது உரிமை. 1974ஆம் ஆண்டில் ஒன்ராறியோவின் எலியற் லேக் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர் தம் உடல்நலக் கேடுகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் அமைக்கப்பட்ட ஹாம் ஆணைக்குழு 1976இல் அறிக்கை தந்தது. 1979இல் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளருக்கு அச்சட்டம் மூன்று உரிமைகளை வழங்குகின்றது: இடரை அறியும் உரிமை, பாதுகாப்பு ஏற்பாடுகளிற் பங்குகொள்ளும் உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை. பிறர் போராடிப் பெற்ற இவ்வுரிமைகள் நேற்று வந்திறங்கியவருக்கும் உரியன.

ஒரு கொம்பின்மேல் உங்களுக்கு நியாயமான ஐயம் எழுந்தால், ஏறமாட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். அவர் உங்கள் முன்னிலையில், தொழிலாளர் சார்பில் ஒருவரும் உடனிருக்க, அதனை ஆராய வேண்டும். அதன் பின்னரும் இணக்கம் ஏற்படாவிடின் தொழில் அமைச்சின் பரிசோதகர் அழைக்கப்பட வேண்டும். இதற்காக உங்களை வேலையிலிருந்து நீக்குவதோ ஊதியத்தைக் குறைப்பதோ சட்டப்படி குற்றம். "பயமா?" என்ற கேலிக்கு அஞ்சி ஏறியவர்களை நான் கண்டுள்ளேன். மறுக்கத் தெரிந்தவர்களே இத்தொழிலில் முதுமை அடைகின்றனர்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

ஒன்ராறியோவில் மரப் பராமரிப்பு, சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்ட தொழிலன்று. வாகனமும் வாளும் உள்ள எவரும் தம்மை மரத்தொழிலாளி என்று அழைத்துக்கொள்ளலாம். ஆகவே கேட்டறியும் கடமை உங்களுடையது.

உங்கள் பிள்ளை இவ்வேலைக்குச் செல்வதாயின், மணிக்கு எத்தனை டொலர் என்று கேட்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவனுக்கோ அவளுக்கோ தாங்குபுள்ளியைத் தெரியக் கற்பிப்பவர் யார்? மேலே ஒருவர் இருக்கையில் கீழே மீட்கத் தெரிந்தவர் யார்? வேலையிட விபத்துக் காப்புறுதி உண்டா? இம்மூன்றிற்கும் தெளிவான விடை இல்லையெனில் அவ்வேலை வேண்டா. பிள்ளைக்கு இத்தொழிலில் உண்மையான ஆர்வம் உண்டெனில் தடை செய்யாதீர்கள். 2022ஆம் ஆண்டு முதல் ஒன்ராறியோவில் தொழிற்பயிலுநர் பதிவுகளைக் கவனித்துவரும் ஸ்கில்ட் றேட்ஸ் ஒன்ராறியோ நிறுவனத்தின் வழியாக முறைப்படி பயிலுநராகச் சேரும்படி ஊக்குவியுங்கள். சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் சான்றிதழையும் அனுபவத்தின் பின் பெறலாம்.

உங்கள் வளவு மரத்தை வெட்டுவிப்பதாயின், வேலையிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபையின் அனுமதிச் சான்றிதழையும் பொறுப்புக் காப்புறுதியையும் காட்டும்படி கேளுங்கள். ஏணியைச் சாத்தி, இடுப்பிற் கயிறின்றி, ஒரு கையால் வாள்பிடித்து ஏறுபவர் எத்தனை மலிவாகக் கேட்டாலும் திருப்பி அனுப்புங்கள். ஐந்நூறு டொலரை மீதப்படுத்துவதற்காக வேறொரு தாயின் பிள்ளையை உக்கிய கொம்பில் ஏற்றுதல் நமக்கு அழகன்று. மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல என்றொரு பழமொழி நம்மிடம் உண்டு. காப்புறுதியில்லாமல் விழுந்து முதுகெலும்பு முறிந்த இளைஞனின் நிலை அதுவே. விழுந்தது ஒரு துன்பம். ஊதியமும் உதவியும் இன்றிக் கிடப்பது மறு துன்பம்.

புகலிடத்தில் வாழும் நாம் எல்லோருமே ஏதோவொரு கொம்பைப் பற்றித்தான் நிற்கின்றோம் என்று சொல்லி இவ்வுரையை அழகுபடுத்தலாம். நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. நான் சொன்னது உண்மையான மரத்தையும் உண்மையான கொம்பையும் பற்றியே. வருகின்ற கோடையில் உங்கள் தெருவில் ஒருவர் மரத்தில் ஏறுவதைக் கண்டால் சற்று நின்று, அவரின் கயிறு எங்கே அமைந்துள்ளது என்று பாருங்கள். உயிருள்ள கொம்பா, தடித்ததா, கழுத்தோடு ஒட்டியுள்ளதா, கீழே ஒருவர் நிற்கின்றாரா? இந்நான்கையும் பார்க்கத் தெரிந்த சமூகத்தில் பிள்ளைகள் விழுவது குறையும்.